முதலில் நீட்ட வேண்டும்

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், ஆப்பிள் பையையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் மேசையில் வைத்துவிட்டு, அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கால் மடக்க வருதா?" தரையில் அமர்ந்து உண்பதும், குந்திக் கோலமிடுவதும், சம்மணமிட்டுப் பூ தொடுப்பதும் வழக்கமாக இருக்கிற வீடுகளில் அது இயல்பான கேள்விதான். ஆனால் முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும், ஏ.சி.எல். எனப்படும் முன்சிலுவை லிகமென்டைப் புதிதாக அமைத்துக்கொண்டு, பாளையங்கோட்டை வீட்டில் நான் படுத்திருந்த முதல் வாரங்களில், எனக்குச் சிகிச்சை அளித்த பிசியோதெரபிஸ்ட் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்பார். கால் முழுவதும் நீள்கிறதா, தொடை இறுகுகிறதா, வீக்கம் எந்த அளவில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்து முடித்த பிறகே மடக்குவதற்கு வருவார். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதே சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கும் இரண்டு தோழியர் என்னிடம் கேட்டுக்கொண்டதால், அந்தக் காரணத்தைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

காயம் பட்ட கதை நீளமானதல்ல. கல்லூரி ஆசிரியைகளுக்கான த்ரோபால் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க எம்பி, இறங்கும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த ஓசை எனக்கே கேட்டது. யாரும் என்மீது மோதவில்லை. ஏ.சி.எல். கிழிவதில் பெரும்பாலானவை இப்படித்தான், எதிராளியின் உடல் படாமலே, இறங்கும்போதோ திசை மாறும்போதோ நிகழ்கின்றன. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மருத்துவர் உடனே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்டு, நொண்டாமல் நடக்கத் தொடங்கிய பிறகு வரும்படி சொல்லி, பயிற்சிக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் இது பெரிய மனக்குறையாகிவிட்டது. "சவ்வு கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்ச பொறவும் எதுக்கு இழுத்தடிக்காங்க?" என்று அண்ணன் தொலைபேசியில் கோபப்பட்டார், அடுத்த வீட்டுப் பெரியவர் புத்தூர் கட்டுக்குப் போய்வரப் பரிந்துரைத்தார். வீங்கி விறைத்த மூட்டில் அவசரமாகக் கத்தி வைத்தால் பிறகு அந்த மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பது 1990களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவான செய்தி.

கிழிந்தவர்கள் எல்லோரும் அறுவை சிகிச்சைக்குப் போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சுவீடனில் 121 இளம் வயதினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனடி அறுவை சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை சிகிச்சையும் அளித்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அதன் முடிவில், இரண்டு ஆண்டுகள் கழித்து முழங்காலின் நிலை குறித்து நோயாளிகள் அளித்த மதிப்பீட்டில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் காலத்துக்குள் அறுவை சிகிச்சையே செய்துகொள்ளவில்லை. எனக்கோ, பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தும், கரும்பலகையிலிருந்து வகுப்பை நோக்கித் திரும்பும்போதும் பேருந்துப் படியிலிருந்து இறங்கும்போதும் முழங்கால் பிடியின்றி நழுவிக்கொண்டே இருந்தது. அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்கக்கூடும் என்பதால்தான் சம்மதித்தேன்.

தண்டுவடத்தில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, பின்தொடையிலிருந்து இரண்டு தசைநாண்களை உருவி எடுத்து, மடித்துத் தடிமனாக்கி, தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, பழைய லிகமென்ட் இருந்த வழியில் அதைச் செலுத்தி, மேலே ஒரு சிறு உலோகப் பொத்தானாலும் கீழே ஒரு திருகாலும் பிடித்துவைத்தார்கள். கிழிந்ததைத் தைத்துவிடுவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த இடத்தில் வேறொன்றை நடுகிறார்கள். மரப்பு தெளிந்த இரவில், முழங்காலைவிடத் தொடையே அதிகம் வலித்தது. இரத்தம் வராமலிருக்கத் தொடையைச் சுற்றி இறுக்கும் பட்டையின் வலி அது என்று பணியிலிருந்த செவிலியர் விளக்கினார். மறுநாள் காலையில், நான் சோர்ந்து கிடக்கும்போதே, பிசியோதெரபிஸ்ட் வந்து என்னைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, ஊன்றுகோல்களின் உயரத்தைச் சரிசெய்தார். அக்குளுக்கும் ஊன்றுகோலின் தலைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும்; உடலின் எடை உள்ளங்கையில் இறங்க வேண்டுமே தவிர அக்குளில் இறங்கக் கூடாது, இறங்கினால் கைக்குப் போகும் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே தலையணைச் சிக்கல் தொடங்கிவிட்டது. அம்மா தன் பழைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து, "ஏட்டி, முட்டிக்கு அடியில இத வச்சுக்கோ, நோவாது" என்று கொடுத்தார். வைத்துக்கொண்டால் நோகாது என்பது உண்மை. நீர் கோத்த முழங்கால், சற்றே மடங்கிய நிலையில்தான் தன் உள்ளறையில் அதிக இடத்தைப் பெறுகிறது. ஆகவே வலியும் அங்கேதான் குறைவு. அந்தச் சுகத்தில்தான் ஆபத்து இருக்கிறது. "அக்கா, தலையணை வேணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க, முட்டிக்கு அடியில வேண்டவே வேண்டாம்" என்று பிசியோதெரபிஸ்ட் அதை எடுத்து இடம் மாற்றினார். குதிகால் உயர்ந்து முழங்கால் அந்தரத்தில் நின்றபோது, மூட்டின் பின்புறத்தில் இழுத்த இழுப்பை அம்மாவால் பார்க்கவே முடியவில்லை; சமையலறைக்குப் போய்விட்டார். பெற்ற மனத்துக்கு அது கொடுமையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால், இந்தச் சிகிச்சைக்குப் பின் நம் வீடுகளில் நேரும் தீங்குகளில் அன்போடு செய்யப்படும் தீங்கு இதுவே என்று துணிந்து சொல்வேன்.

நீட்டுவதற்கு ஏன் இத்தனை அவசரம் என்று நான் கேட்டபோது, அவர் ஒரு பிளாஸ்டிக் எலும்பு மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். தொடையெலும்பின் இரு குமிழ்களுக்கும் நடுவே ஒரு குடைவு இருக்கிறது. புதிய லிகமென்ட் அதற்குள்தான் ஓடுகிறது. கால் முழுதாக நீளும்போது அந்தக் குடைவின் முன்பகுதி மூடிக்கொள்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் அங்கே வடுத் திசு வளர்வது இயல்பு. கால் நாள்தோறும் முழுதாக நீண்டுவந்தால் அந்தத் திசு அங்கே தங்கித் திரள்வதற்கு இடம் குறைகிறது. மடங்கியே கிடந்தால் திரண்டு, கதவுக்கும் நிலைக்கும் இடையே சிக்கிய கல்லைப் போல, கடைசி ஐந்து பத்துப் பாகை நீளவிடாமல் தடுத்துவிடும். அதை அகற்ற மறுபடியும் கருவியை உள்ளே செலுத்த வேண்டிவரலாம். ஐந்து பாகைதானே என்று விட்டுவிடவும் முடியாது. நிமிராத முழங்காலோடு நிற்பவருக்கு முன்தொடைத் தசை ஒரு கணமும் ஓய்வதில்லை. நடை நொண்டும், முட்டிச் சில்லின் அடியில் வலி வரும், நாளடைவில் இடுப்பும் சேர்ந்துகொள்ளும். மடக்கும் அளவு மெதுவாகக் கூடினாலும் பின்னாளில் பிடித்துவிடலாம், நீட்டும் அளவை முதல் சில வாரங்களில் விட்டால் பிடிப்பது கடினம் என்பதே அவருடைய பாடத்தின் சாரம்.

அளக்கும் முறையும் எளிமையானது. கோணமானியை வைத்து அளப்பது ஒருபுறம் இருக்க, குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, இரு குதிகால்களின் உயரத்தையும் ஒப்பிடுவார். ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாடு ஏறத்தாழ ஒரு பாகைக்குச் சமம். என் நல்ல கால் நேர்கோட்டையும் தாண்டிச் சற்றுப் பின்னால் வளையும் வகையைச் சேர்ந்தது. ஆகவே பூச்சியத்தை எட்டியதோடு அவர் நிறைவடையவில்லை, நல்ல காலின் அளவே இலக்கு என்றார். தொங்கவிட்ட சில நிமிடங்களில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பின்தொடை மெல்லத் தளர்வதும், தளர்ந்த கணமே மூட்டின் பின்புறம் சுரீரென்று இழுப்பதும் மாறிமாறி வரும். அந்த நேரத்தில் பல்லைக் கடித்து விறைத்துக்கொண்டால் பயனில்லை. மூச்சை நீளமாக விட்டு, காலை அதன் போக்கில் தொங்கவிடுவதற்கே தனிப் பயிற்சி தேவைப்பட்டது.

இரண்டாவது காரியமான தொடைத் தசைதான் என்னை அதிகம் திகைக்கவைத்தது. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். பயிற்சி நேரத்தில் மட்டும், முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். நல்ல காலில் அழுத்தினேன். முட்டிச் சில்லு மேல்நோக்கி விலகியது, அதன் உட்புறத்தில் துளி வடிவத் தசை திரண்டு எழுந்தது. மற்றக் காலில் அதே முயற்சியைச் செய்தபோது, என் தாடை இறுகியது, கை விரிப்பைப் பற்றியது, பிட்டம்கூட இறுகியது. தொடை மட்டும் அசையாமல் கிடந்தது. விரலால் தொட்டால் பிசைந்த மாவு அழுந்துவதாகவே உணர்ந்தேன். தசை கெட்டுவிடவில்லை, மூட்டுக்குள் நீர் இருக்கும்வரை அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்தி முன்தொடைத் தசையை ஓயும்படி தண்டுவடத்திலேயே தடுத்துவிடுகிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். காயமில்லாதவரின் மூட்டில்கூட இருபது முப்பது மில்லி லிட்டர் உப்புநீரை ஊசியால் ஏற்றினாலே அந்த உட்புறத் தசை மந்தமாகிவிடுவதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. மனவுறுதி குறைந்தவர்களுக்குத்தான் தொடை இறுகாது என்று எண்ணியிருப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் பிசியோ என்றாலே "கரண்ட் வைக்கிறது" என்றுதான் பொருள். வலிக்கும் இடத்தில் பட்டைகளை ஒட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, நோயாளி செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, மணி அடித்ததும் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கும் மின்தூண்டல் வைக்கப்பட்டது. ஆனால் வலிக்காக அல்ல, தூங்கும் தொடைத் தசையைச் சுருங்கவைப்பதற்காக. மின்சாரம் வரும் நொடிகளில் நானும் சேர்ந்து அழுத்த வேண்டும். அது ஓயும்போது ஓய வேண்டும். செல்பேசியைக் கையில் எடுத்தால் அவர் வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு நாள் காலையில் துண்டை அழுத்தியபோது, சில்லு ஒரு நெல்மணி அளவுக்கு மேலே நகர்ந்ததை இருவரும் பார்த்தோம். அதன் பிறகே, முழங்கால் மடங்காமல் காலை நேராகத் தூக்கும் பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது. தூக்கும்போது முழங்கால் சிறிதளவு தொங்கினாலும் அவர் எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்.

மூன்றாவதான வீக்கம், எங்கள் வீட்டில் பனிக்கட்டிக்கும் வெந்நீருக்கும் இடையிலான போராட்டமாக நடந்தது. குளிர்ச்சி பட்டால் காலில் வாதம் இறங்கும் என்பது அம்மாவின் உறுதியான கருத்து. நொச்சி இலை போட்ட வெந்நீர் ஒத்தடமே அவருடைய மருந்து. தையல் ஆறாத, உள்ளே இரத்தமும் நீரும் கோத்திருக்கும் மூட்டுக்குச் சூடு இப்போது ஆகாது என்று பிசியோதெரபிஸ்ட் பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகே, ஈரத் துணி சுற்றிய ஐஸ் பை ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் என்று ஏற்பாடாயிற்று. அம்மா ஆட்டுக்கால் சூப்போடு சமாதானமானார். அந்தச் சூப்பால் லிகமென்ட் வளரும் என்று நான் நம்பவில்லை, ஆனால் மிளகு தூக்கலாகப் போட்டு அவர் வைத்த சூப்பை ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. வீக்கத்தைக் கவனிப்பதில் எனக்கு உதவியது அளவு நாடாதான். முதல் நாள் அதிகம் நடந்திருந்தால் மறுநாள் காலையில் சில்லின் நடுவே எடுக்கும் சுற்றளவு கூடியிருக்கும். கூடிய நாளில் நடையைக் குறைத்துக்கொண்டு, நீட்டுவதையும் தொடை இறுக்குவதையும் மட்டும் செய்வேன்.

இவ்வளவு சீக்கிரம் அசைப்பது முன்பெல்லாம் வழக்கமாக இருக்கவில்லை. இதே அறுவை சிகிச்சைக்குப் பின், முழங்காலைச் சற்று மடக்கிய நிலையில் வாரக்கணக்கில் மாவுக்கட்டில் வைத்திருந்த காலம் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டொனால்டு ஷெல்போர்ன், சொன்ன கட்டுப்பாட்டை மீறித் தாமாகவே காலை நீட்டி ஊன்றி நடந்துவிட்ட நோயாளிகள், சொற்படி நடந்தவர்களைவிட நன்றாகத் தேறியிருப்பதைக் கவனித்தார். நட்ட லிகமென்ட் தளர்ந்தும் போயிருக்கவில்லை. அவரும் நிட்ஸ் என்பவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரைதான், முதல் நாளிலிருந்தே முழுதாக நீட்டுவதையும் தாங்கும் அளவு எடை ஊன்றுவதையும் உலகெங்கும் வழக்கமாக்கியது. சொல் கேளாத நோயாளிகளால் மருத்துவம் திருந்திய இந்தச் செய்தியை என் கணவரிடம் சொன்னேன். அன்று முதல், மாத்திரை சாப்பிட மறுக்கும் ஒவ்வொரு முறையும் அதையே மேற்கோள் காட்டுகிறார்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் மருத்துவமனையில் இதை யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இருந்தது குந்தும் கழிப்பறை. மருந்துக் கடையில் விற்கும் நடுவில் துளையிட்ட நாற்காலியை முன்னமே வாங்கி வைத்திருந்ததால் தப்பினேன். குளியலறைத் தரையில் சோப்பு நீர் நிற்கக் கூடாது. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புடவையின் கொசுவம் ஊன்றுகோலில் சிக்கும் என்பதால் நைட்டியிலும் சுடிதாரிலும்தான் நாள்கள் கழிந்தன. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில். நிலைப்படி தாண்டுவதும் படி ஏறுவதுதான் என்பதை வீட்டாருக்கும் சொல்லி வைத்தால், பின்னால் நின்று தள்ளி உதவ வரமாட்டார்கள்.

நம்மை அச்சுறுத்துகிற, ஆனால் பெரும்பாலும் தீங்கில்லாத சில மாற்றங்களும் உண்டு. தசைநாண் எடுத்த பின்தொடையில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போன இரத்தம், நாள் செல்லச் செல்லக் கணுக்கால்வரை இறங்கி மஞ்சளாகி மறைந்தது. கீழ்த் தையலுக்கு வெளிப்புறம் உள்ளங்கையளவு தோல் மரத்துக் கிடக்கிறது. அங்கே ஓடும் மெல்லிய தோல் நரம்பொன்று வெட்டுப்படுவதால் பலருக்கும் இது நேர்கிறது, இடம் சுருங்குமே தவிர முழுவதும் நீங்காமலும் போகலாம். ஆனால் கெண்டைக்கால் சதை வலித்து வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலோ, காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டும் நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாகவும், கடைசியானது மூட்டுக்குள் தொற்றின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது அந்த உறைவைத் தவிர்ப்பதற்காகத்தான்.

ஊன்றுகோல்களை விட்டு, நொண்டாமல் நடக்கத் தொடங்கி, வலி மாத்திரையும் நின்றுபோன நாள்களில் பிசியோதெரபிஸ்டின் முகம் கடுமையாயிற்று. நட்ட தசைநாணுக்குத் தொடக்கத்தில் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. அதன் பழைய செல்கள் மடிந்து, புதிய இரத்தக் குழல்கள் நுழைந்து, அது மெல்ல லிகமென்டாக மாறுவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அந்த மாற்றத்தின் நடுவே, ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை, நட்ட அன்று இருந்ததைவிட அது வலுவிழந்து நிற்கிறது. நமக்கோ சரியாக அந்த வாரங்களில்தான் எல்லாம் குணமாகிவிட்டது என்று தோன்றுகிறது. பேருந்தைப் பிடிக்க ஓடுவதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்புவதும், ஸ்கூட்டரைக் காலால் தாங்குவதும் அப்போதுதான் நடக்கின்றன. ஜிம்மில் உட்கார்ந்து எடை மாட்டிக் காலை நீட்டும் கருவியும் எனக்கு அந்தக் கட்டத்தில் தடை செய்யப்பட்டது. மடக்கிய நிலையிலிருந்து நேராகும் கடைசி நாற்பது பாகையில் அது லிகமென்டை முன்னோக்கி இழுக்கிறது. பாதம் தரையில் பதிந்திருக்கும் அரைக் குந்தல்களும் படி ஏறும் பயிற்சியும் போதும் என்றார்.

மடக்குவதும் இதற்கிடையே தானாகவே கூடிவந்தது. கட்டிலில் குதிகாலைப் பின்னால் இழுத்துத் தொண்ணூறு பாகையை எட்டிய பின், நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளில் ஏற்றினார். இருக்கையை உயர்த்தி, முதலில் அரைவட்டம் முன்னும் பின்னுமாக மிதித்து, நூற்றுப் பத்துப் பாகை அளவுக்கு மடங்கியதும் முழுச் சுற்று சுற்றியது. சம்மணமிட்டு உட்கார ஆறு மாதம் பொறுக்கும்படி என் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பின்தொடைத் தசைநாண் எடுத்த இடமும் ஆற வேண்டுமல்லவா.

த்ரோபாலுக்குத் திரும்புவது பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் மகன், 2022 டிசம்பரில் கார் விபத்தில் முழங்கால் லிகமென்ட்கள் கிழிந்த ரிஷப் பந்த் 2024 மார்ச்சில் ஐ.பி.எல். ஆடவந்ததைச் சொல்லித் தைரியமூட்டினான். நாள் முழுவதும் அதற்கென்றே ஆள்களை வைத்துப் பயிற்சி செய்தவருக்கே பதினைந்து மாதம் ஆயிற்று என்றுதான் எனக்குக் கேட்டது. நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் காட்டியது. மாதக் கணக்கு மட்டும் போதாது, முன்தொடையின் வலிமையும் ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் நல்ல காலின் அளவில் தொண்ணூறு விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். அண்மையில் அளந்தபோது என் தொடையின் சுற்றளவே நல்ல தொடையைவிடக் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு ஆசிரியைகள் ஆட்டத்தில் புள்ளிக் கணக்கு எழுதுவதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.